புது மனையில் காய்கறிச் செடி தேறவில்லையா? மருந்தடிக்கும் முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

புதிதாக வீடு கட்டிக் குடிபோனவர்கள் பின்பக்கம் மிஞ்சிய இடத்தில் ஆசையாகக் கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை வைப்பார்கள். இரண்டு வாரம் நன்றாக நிற்கும். அப்புறம் இலை வெளுத்து வளர்ச்சி நின்றுவிடும். ஒருவர் வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்வார், இன்னொருவர் யூரியா போடச் சொல்வார். என்ன குறை என்று தெரியாமலே வைத்தியம் தொடங்குவதுதான் பெரிய தவறு. புது மனையில் குறை பெரும்பாலும் மண்ணுக்குள்தான் இருக்கும்.

அஸ்திவாரம் தோண்டும்போது அடிமண் மேலே வந்து பரவியிருக்கும். அதில் மட்கும் இருக்காது, மண்புழுவும் இருக்காது. கொத்தனார் கலவை குழைத்த இடத்திலும் சுவரோரத்திலும் சிமெண்ட் சேர்ந்து மண்ணில் காரத்தன்மை ஏறியிருக்கும். இதன் மேல் அரை அடிக்குச் செம்மண் கொட்டிவிட்டு நடுகிறார்கள். வேர் அதைத் தாண்டியதும் செங்கல் துண்டிலும், லாரி ஏறி இறுகிய தரையிலும் முட்டி நின்றுவிடுகிறது.

அதனால் வாடும் செடிக்குப் பக்கத்தில் கடப்பாரையால் ஓர் அடி ஆழம் தோண்டுங்கள். குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் வடிகால் இல்லை, வேர் மூச்சுமுட்டி அழுகும் என்று பொருள். இறுகிய அடுக்கை உடைக்க வேண்டும், அல்லது மேட்டுப்பாத்தி போட வேண்டும். தோண்டிய மண்ணில் ஒரு பிடியை உலர்த்தி, சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது.

அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. குருத்திலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பட்ட பகுதி வெளிர்மஞ்சள் ஆகிவிடும். யூரியா போட்டு இது மாறாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்புச்சத்து தரும் ஃபெரஸ் சல்பேட்) கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலை மேல் தெளியுங்கள். மண்ணில் போட்டால் அதுவும் வேருக்கு எட்டாமல் போகும். தழைச்சத்து (நைட்ரஜன்) குறை இதற்கு நேர் எதிர். செடி பழைய இலையிலிருந்து சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்புவதால் அடியிலைகள்தான் முதலில் முழு மஞ்சளாகும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினால் அது தேறிவிடும். மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்று பார்த்த பிறகு உரக்கடைக்குப் போனால் போதும்.

மதியம் துவண்ட செடி சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம். அதற்குப் பதறித் தண்ணீர் ஊற்றித்தான் நிறைய செடிகள் போகின்றன. மண்ணில் விரலை இரண்டு அங்குலம் நுழைத்து, ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். காலையிலேயே துவண்டிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அதிலும் தக்காளியோ கத்தரியோ ஈர மண்ணில் பச்சை மாறாமலே திடீரெனச் சாய்ந்தால், தண்டின் அடிப்பகுதியை வெட்டி, வெட்டிய முனை கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நிறத்தில் இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். தெளித்துக் காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம், மக்காச்சோளம் போடலாம்.

பிடுங்கும்போது வேரையும் பாருங்கள். வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு புழு. வேப்பம் புண்ணாக்கும், ஊடே வைக்கும் செண்டுமல்லியும் அதைக் குறைக்கும். அவரை, தட்டைப்பயறு வேரில் ஒட்டியிருக்கும் சிறு உருண்டைகள் வேறு. நகத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும், செடிக்குத் தழைச்சத்து சேர்ப்பவை. அதைப் பார்த்து நல்ல செடியைப் பிடுங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், மனசு வலிக்கும்.

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். முதலாவதற்கு வேப்பெண்ணெய், இரண்டாவதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்). இரண்டையும் அடுத்தடுத்து அடிக்காதீர்கள், இலை கருகிவிடும். இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

பச்சைச் சாணியை நேராகப் போடுவதும் கெடுதல். மட்கும் சூட்டில் வேர் வெந்துபோகும், வேர்ப்புழுவும் சேரும். நன்றாக மக்கியதைப் போடுங்கள்.

மனை முழுவதும் எதுவுமே தேறவில்லை என்றால் இந்தப் பருவத்துக்குக் காய்கறியைப் பைகளுக்கு மாற்றிவிட்டு, தரையில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதையுங்கள். கார மண்ணையும் தாங்கி வளரும். ஏறத்தாழ 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி மண்ணோடு கொத்திவிட்டு, மக்கிய பிறகு நடலாம். அதற்குள் மண் பரிசோதனையும் முடித்துவிடலாம். நாலைந்து இடத்தில் மேல்குப்பையை விலக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவைத் துணிப்பையில் போட்டு மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உரம் போட்ட இடத்தையும் மரநிழலையும் தவிர்த்து எடுக்க வேண்டும்.