உங்கள் படகு கப்பலின் ரேடாரில் தெரிகிறதா? ரிஃப்ளெக்டர் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

ஃபைபர் படகு ரேடாருக்குக் கிட்டத்தட்ட ஜன்னல் கண்ணாடி மாதிரி. கப்பலின் ரேடார் அனுப்புகிற ரேடியோ அலை அதற்குள் புகுந்து போய்விடும், திரும்பிப் போவது இன்ஜினிலும் மற்ற இரும்புச் சாமான்களிலும் பட்ட கொஞ்சநஞ்சம்தான், அந்த இன்ஜினும் பாதி நேரம் கடல் அலையின் மறைவில் கிடக்கும். மரப் படகும் இதைவிடப் பெரிதாக மேல் இல்லை. 2017 ஜூனில் கொச்சிக்கு அப்பால் ஆம்பர் எல் கப்பல் கார்மல் மாதா படகில் மோதியது, 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் ஏபிஎல் லி ஹாவ்ர் கப்பலும் ரபா படகும் மோதின. இரண்டிலும் உயிர்கள் போயின. ரிஃப்ளெக்டர், அதாவது ரேடார் அலையைக் கப்பலுக்கே திருப்பி அனுப்ப மேலே கட்டும் தகட்டுக் கருவி, இருந்திருந்தால் நடந்திருக்காது என்று சொல்ல வரவில்லை, கண்விழித்துப் பார்த்து ஓட்ட வேண்டியது கப்பல்காரர்களின் கடமை. ஆனால் நம் கையில் இருக்கிற வேலையிலேயே எவ்வளவோ பிழை நடக்கிறது.

முதல் பிழை, ஏதாவது இரும்பு மேலே தொங்கினால் போதும் என்று நினைப்பது. பானை, டிரம், கசக்கிய அலுமினியத் தாள் எல்லாம் கட்டுகிறார்கள். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள்: முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடிகள் மூன்றை அறையின் மூலை போலச் செங்குத்தாகச் சேர்த்து வைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்து அதற்குள் அடியுங்கள். நீங்கள் இடம் வலமாக நகர்ந்தாலும் வெளிச்சம் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். ரிஃப்ளெக்டர் செய்கிற வேலை அதுதான், வந்த திசைக்கே அலையைத் திருப்பி அனுப்புவது. பானையின் வளைவில் பட்ட அலை நாலாபக்கமும் சிதறிப் போகும். 30 செ.மீ. குறுக்களவுள்ள உலோக உருண்டை ரேடாருக்கு வெறும் 0.07 சதுர மீட்டர் அளவுக்குத்தான் தெரியும். விளிம்புக்கு 30 செ.மீ. வீதம் மூன்று முக்கோணத் தகடுகள் சரியாகச் சேர்ந்த மூலை, நேர் எதிரே இருந்து பார்த்தால், 30 சதுர மீட்டருக்கு மேல் தெரியும்.

அடுத்தது அளவு. இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பாதி அளவு வாங்கினால் பாதிப் பலன் என்று நினைப்பது இயல்பு. கணக்கு அப்படி இல்லை, விளிம்பு பாதியானால் பலன் பதினாறில் ஒன்று. மேலே சொன்ன மூலையை 15 செ.மீ. ஆக்கினால் 2 சதுர மீட்டர்தான் மிஞ்சும், சின்னதாக இரண்டு கட்டினாலும் பெரியது ஒன்றுக்கு ஈடாகாது. 2006 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவுக்குத் தெற்கே ஊசோ என்ற பாய்மரப் படகில் போன மூன்று பேர் இறந்த பிறகு, பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு கடையில் கிடைக்கும் ரிஃப்ளெக்டர்களைச் சோதிக்க வைத்தது. ஒல்லியான 4 அங்குலக் குழாய் வகை தேறவில்லை. விலை குறைவு, கட்டுவதும் சுலபம் என்று அதைத்தான் நிறைய பேர் வாங்கியிருந்தார்கள். வாங்கும்போது ஐஎஸ்ஓ 8729 என்ற சர்வதேச ரிஃப்ளெக்டர் தரம் உண்டா என்று கேளுங்கள்.

இன்னொன்று, கப்பல்களில் இரண்டு வகை ரேடார் இருக்கும். 3 செ.மீ. அலைநீளம் ஒன்று, 10 செ.மீ. அலைநீளம் ஒன்று. அதே ரிஃப்ளெக்டர் 10 செ.மீ. ரேடாரில் பத்தில் ஒரு பங்குதான் தெரியும். அடைமழையில் கப்பல்காரர்கள் பெரும்பாலும் அந்த 10 செ.மீ. ரேடாரைத்தான் நம்புவார்கள், ஆக நமக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் நாம் மங்கிப் போகிறோம்.

சரி, நல்லதாக வாங்கியாயிற்று, தொங்கவிடுவதில் தவறு. எட்டு மூலை கொண்ட தகட்டு ரிஃப்ளெக்டரை முனையில் ஒரே கயிறு போட்டுத் தொங்கவிட்டால் அதன் குழிகள், அதாவது தகடுகள் சேரும் மூலைகள், சரியான பக்கம் பார்க்காது. ஒரு குழி கிண்ணம் மாதிரி வானத்தைப் பார்த்து, மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிற நிலையில் இருக்க வேண்டும், அதுவும் ஆடாமல் மேலும் கீழும் இறுக்கிக் கட்டி. உயரம் கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டராவது வேண்டும். அணியத்தில் (படகின் முன்பக்கம்) வலைக்குவியலுக்குப் பக்கத்தில் கிடந்தால் கடல் அலையின் மறைவுக்குள் போய்விடும், இரும்புக் கம்பத்துக்கு நேர் பின்னால் கட்டினால் அந்தப் பக்கம் குருடு. தகடு நெளிந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள், மூலை சில டிகிரி விலகினாலே எதிரொலி வெகுவாகக் குறையும். கரைக்கு வந்ததும் மடக்கி ஐஸ் பெட்டிக்கு அடியில் திணிக்கிற பழக்கத்தை விடுங்கள், அங்கேதான் அது நெளிகிறது.

டிரான்ஸ்பாண்டர் இருக்கிறதே என்பார்கள். இஸ்ரோ உருவாக்கியது செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசும், எதிரே வருகிற கப்பலின் ரேடாருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஏஐஎஸ் கருவி கப்பலுக்கு நம் இடத்தைச் சொல்லும், நல்லதுதான், வசதி இருந்தால் வையுங்கள், ஆனால் அதுவும் ரேடார் இல்லை. சிறு படகுகளின் சிக்னல் திரையில் குவிந்தால் அதை மறைத்து வைக்கவும் கப்பல்காரர்களுக்கு வழி உண்டு.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கட்டியாயிற்று, இனித் தூங்கலாம் என்ற நினைப்பு. காற்று ஏறினால் கடல் அலையே ரேடார் திரையில் புள்ளி புள்ளியாக நிறைந்துவிடும், அதைக் குறைக்க அவர்கள் ஒரு திருகைத் திருப்பினால் நம் புள்ளியும் சேர்ந்து காணாமல் போகலாம். சிறு படகுகள் ரேடாரில் போதிய தூரத்தில் சிக்காமல் போகலாம் என்று 1972 கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஆறாவது விதியே எச்சரிக்கிறது. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பல் 3 கடல் மைலை 9 நிமிடத்தில் கடக்கும், வலையை இழுத்து முடிக்கக்கூட அது போதாது. விளக்கும் வேண்டும், விழித்திருக்க ஓர் ஆளும் வேண்டும்.

அப்புறம், தெரிகிறதா என்று ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள். தூரத்தில் கப்பல் போகும்போது விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் கூப்பிட்டு, அவர் சொல்லும் சேனலுக்கு மாறி, உங்கள் ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லி, உங்கள் ரேடாரில் என் எதிரொலி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஐஎஸ் இருந்தால் அதை விட்டுவிட்டு ரேடாரை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தால், ரிஃப்ளெக்டரை இன்னும் மேலே ஏற்றி, நிலையைச் சரிசெய்து, அடுத்த கப்பலிடம் மறுபடி கேளுங்கள்.