கண்ணாடிப் பெட்டிக்குள் நெளிந்த வரைபடம்

புதுச்சேரியில் ஒரு சிறு காட்சிக்கூடத்தில் நான் பார்த்துக்கொள்ளும் பிரெஞ்சுக்கால நில வரைபடம், ஐப்பசி மழை தொடங்கியதும் பொரித்த அப்பளம்போல நெளிந்துவிட்டது. கடற்காற்றின் வேலை என்றார்கள் எல்லோரும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை வைத்தேன். நீல மணிகள் ஈரமேறி வெளிர்சிவப்பானபோதெல்லாம் மாற்றினேன். பலனில்லை. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தோம், மின்கட்டணம்தான் ஏறியது.

பிறகு ஈரப்பதமானியை அறையில் வைக்காமல் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். காலையில் விளக்கைப் போட்டதும் முள் சரிந்தது. மாலையில் அணைத்ததும் ஏறியது. உள்ளே இருந்த ஹாலஜன் விளக்குதான் தாளைத் தினமும் காயவைத்து நனைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து எல்இடி வெளிச்சம் கொடுத்தேன். ஏற்றஇறக்கம் அடங்கியது. நெளிவு மட்டும் போகவில்லை!

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது பிடிபட்டது. நெளிவுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. விளிம்புகளில் கூடுதல், நடுவில் குறைவு. முன்பு சட்டமிட்டவர் நான்கு விளிம்புகளையும் இருபுறப் பசைநாடாவால் அட்டையோடு ஒட்டியிருந்தார். ஈரம் பட்டால் தாள் இழைகளுக்குக் குறுக்குவாக்கில்தான் அதிகம் விரியும். விரிய இடமில்லாவிட்டால் மேலே எழும்பத்தானே செய்யும்?

காகிதப் பாதுகாப்பு தெரிந்த ஒருவர் நாடாவை நீக்கித் தந்தார். மிதமாக ஈரமேற்றி, மையொற்றுத் தாள்களுக்கிடையே எடை வைத்துக் காயவிட்டோம். பிறகு மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீல்கள், அதாவது வரைபடத்தைத் தாங்கும் சிறு தாள் பட்டைகள், கோதுமை மாவுச்சத்துப் பசையில். மற்ற மூன்று பக்கமும் தளர்வாகவே இருக்கின்றன. அமிலமற்ற அட்டைச் சட்டம் அவற்றை மறைக்கிறது. வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டுவதில்லை. கார்த்திகை அடைமழையிலும் வரைபடம் தட்டையாகவே இருந்தது.