பூர்விக நிலத்தில் இயற்கைத் தங்குமிடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பூர்விக நிலம் வைத்திருக்கும் குடும்பங்களில் இப்போது இந்தப் பேச்சு அடிக்கடி எழுகிறது. பூட்டிக் கிடக்கும் பழைய வீடு, சில ஏக்கர் மானாவாரிக் காடு, ஒரு கிணறு, வரப்போரம் வரிசையாகப் பனை. மூன்று நான்கு அறைகளைச் சரிசெய்து விருந்தினர்களைத் தங்கவைத்தால் வீடும் பிழைக்கும், நிலமும் விலைபோகாமல் தப்பும். நல்ல யோசனைதான். ஆனால் முடிவெடுத்த மறுவாரமே ஜேசிபியை வரவழைத்துவிடுகிறார்கள். விருந்தினர் எதைத் தேடி வருவாரோ, அதில் பாதி அந்த இரண்டு நாள் வேலையில் போய்விடுகிறது.

இடத்தைச் ‘சுத்தம்’ செய்வதுதான் நான் பார்த்தவரை ஆகப் பெரிய தவறு. தலை ஒடிந்து பட்டுப்போன பனையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு அசிங்கம் என்று முதலில் அதைத்தான் வெட்டுகிறார்கள். அந்த மொட்டை மரத்தின் பொந்தில்தான் பனங்காடை முட்டையிடும். புள்ளி ஆந்தையும் கிளியும் மைனாவும் அதே பொந்துக்குச் சண்டை போடும். உயிருள்ள பனையில் காய்ந்து தொங்கும் ஓலைகளின் அடிப்பக்கத்தில் பனை உழவாரன் கூடு ஒட்டியிருக்கும். ஓலையைச் சீவி மரத்தை ‘அழகாக்கினால்’ அதுவும் போயிற்று. மரத்தடிச் சருகைக் கூட்டிக் கொளுத்தினால், அதைக் கிளறி இரை தேடும் தவிட்டுக்குருவிக் கூட்டம் வேறு காட்டுக்குப் போய்விடும். புற்றை இடிக்காதீர்கள். முதல் மழைக்கு அதிலிருந்து ஈசல் கிளம்பும் மாலையில் அங்கே கூடும் பறவைகளைப் பார்ப்பதற்காகவே ஒருவர் இரண்டு நாள் தங்கலாம்.

சீமைக்கருவேலம் மட்டும் இதற்கு விலக்கு. அது போகத்தான் வேண்டும். ஆனால் மேலாக வெட்டினால் நாலு மடங்காகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். அதையும் ஒரே மூச்சில் செய்து நிலத்தை மொட்டையாக்காமல், பகுதி பகுதியாக எடுத்து, காலியான இடத்தில் இலுப்பை, புங்கை, உசிலை, ஆவாரை, நொச்சி என்று அந்த மண்ணுக்குரியதை வையுங்கள். கோனோகார்பஸ் வேலியும் கொரியன் புல்தரையும் எந்த ஊர் ரிசார்ட்டிலும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க யாரும் உங்கள் ஊர்வரை வரப்போவதில்லை.

அடுத்தது தண்ணீர். வடகிழக்குப் பருவமழை ஒன்றை முழுதாகப் பார்க்காமல் அங்கே ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகிறது என்பதைக் குடைபிடித்து நடந்து பார்த்தால்தான் தெரியும். கோடையில் வெறும் பள்ளமாகத் தெரிவது கண்மாயின் வரத்துக்காலாக இருக்கும். அதை மேடாக்கிக் குடில் கட்டினால் மழையில் குடிலுக்குள் தண்ணீர் வரும். கீழே இருக்கும் ஊருணியோ வறண்டு கிடக்கும். ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதில் நியாயமும் இருக்கும். புல வரைபடத்தில் அது வாய்க்கால் புறம்போக்கு என்றே பதிவாகியிருக்கவும் கூடும். கார் வருவதற்காகச் சரிவின் குறுக்கே கிராவல் கொட்டிப் பாதையை உயர்த்துபவர்கள், அடியில் குழாய் பதிக்க மறந்துவிடுகிறார்கள். ஒரே மழையில் பாதை அணையாகிவிடும்.

நீச்சல் குளம் வேண்டுமா என்றால், வேண்டாம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்ற சிறிய குளத்துக்கே 48,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நான்கு லாரித் தண்ணீர் அது. மானாவாரி ஊரில், பக்கத்து வீட்டார் குடத்தோடு நிற்கும் சித்திரையில், அதை நிரப்ப மனம் வரக்கூடாது. பழைய கிணற்றைத் தூர்வாரி, கைப்பிடிச்சுவர் எழுப்பி, மேலே கம்பிவலை போட்டுப் பாதுகாப்பாக வைத்தால் அதுவே பார்க்க வேண்டிய இடமாகிவிடும். கழிவுநீர்த் தொட்டியைக் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கமாகக் கட்டுங்கள்.

வீட்டுக்கு வருகிறேன். செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். மேற்பூச்சில் கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்திருக்கும். அடித்தளத்திலிருந்து மேலேறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும். பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். ஓரிரு மழைக்காலம் கழித்துச் சுவரருகே குனிந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்து, வெள்ளை மாவாக விரலில் ஒட்டும். தட்டினால் சிமெண்ட் பூச்சு பொள்ளென்று ஒலிக்கும். கொஞ்ச நாளில் பாளமாகப் பெயர்ந்து, பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருந்தால் கேடு இன்னும் சீக்கிரம் வரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை காத்திருப்பது அவசரமாகச் சிமெண்ட் பூசுவதைவிட மேல். அதுவரை உடைந்த கூரை ஓடுகளை மட்டும் மாற்றி, மழை ஒழுகுவதை நிறுத்தினால் போதும்.

இவ்வளவுக்கும் முன்னால் முடிக்க வேண்டிய ஒன்றைக் குடும்பங்கள் கடைசிக்குத் தள்ளுகின்றன. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். சென்னையிலிருக்கும் அண்ணன் பணம் போடுவார். ஊரிலிருக்கும் தம்பி உழைப்பார். அக்கா, தங்கைகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சட்டம் பங்கு கொடுத்துவிட்டது. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மகள்கள் எல்லோரையும் மகன்களுக்குச் சமமாக்கியது. லாபம் வரத் தொடங்கியபின் பங்குப் பேச்சு எடுத்தால் உறவும் முறியும், தொழிலும் நிற்கும். பாகப்பிரிவினை செய்யலாம், அல்லது எல்லோரும் கையெழுத்திட்டு நடத்துபவருக்குக் குத்தகைக்கு விடலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும்.

பங்காளிகளின் குலதெய்வக் கோயில் நிலத்துக்குள் இருந்தால் அந்தப் பாதையில் பூட்டுப் போட்ட கேட் வைக்காதீர்கள். மாசிச் சிவராத்திரிக்கு வருபவர்கள் விருந்தினரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. முகப்பில் மாட்டும் குடும்ப வரலாற்றிலும் நேர்மை வேண்டும். பர்மாவிலிருந்து தேக்கு வந்த கதையை மட்டும் எழுதிவிட்டு, அந்தக் கிணற்றை வெட்டியவர்களையும் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்தவர்களையும் விட்டுவிடுவது அந்த நிலத்துக்குச் செய்யும் அநியாயம். அவர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். சமையலுக்கும் தோட்டத்துக்கும் வழிகாட்டவும் அவர்களையே முறையான சம்பளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாறையில் தேன் கட்டும், எந்த வேலியில் கீரி வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

வெளிச்சமும் சத்தமும் இரவைக் கெடுக்கும். பாம்புக்குப் பயந்து கம்பம் நட்டு வெள்ளை எல்இடி போடுவார்கள். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பும் வரும். பாதையோரம் முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கிய மஞ்சள் விளக்குகள் போதும். விருந்தினர் கையில் டார்ச் கொடுங்கள். பாம்பு கண்ணில் பட்டால் அடிக்காமல் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, இரவில் எவ்வளவு நேரத்தில் போகலாம் என்பது வேலையாட்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். சிவகங்கை மாவட்டத்திலேயே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் டிஜே வைக்க முடியாது.

சுற்றுலாத் துறைப் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும்.

ஆண்டு முழுவதும் திறந்துவைக்க நினைப்பதும் தவறுதான். சித்திரை, வைகாசியில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விடும். பகலில் வெளியே நடக்க முடியாது. அந்த இரண்டு மாதமும் முன்பதிவை மூடிவிட்டு, விடுமுறைக்கு வரும் சொந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டை விட்டுவிடுங்கள்.