கிளைம் க்யூஆர்: 500 ஸ்டிக்கர் அடிப்பதற்கு முன்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இன்சூரன்ஸ் ஏஜென்டுகள் க்யூஆர் ஸ்டிக்கர் அடித்துத் தருவது நல்ல யோசனைதான். விபத்து நடந்தால் டிரைவர் பாலிசி பேப்பரைத் தேடி டாஷ்போர்டைக் கிளற வேண்டாம். ஸ்கேன் செய்தால் கிளைம் பக்கம் திறக்கும். ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள், இந்த வேலையில் பழையவர்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். மங்கலான பிரின்ட் போன்றவை தானாகவே கண்ணில் பட்டுவிடும், அதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. (ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டியது தவறே இல்லை. மூன்று மூலைச் சதுரங்களை வைத்து போனே திசையைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.)

க்யூஆர் கோடுக்குள் முழு லிங்கையும் திணிப்பது

காசைத் தின்கிற தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது.

கம்பெனியின் கிளைம் பக்கத்தைத் திறந்து, லிங்கை அப்படியே காப்பி செய்து, பாலிசி நம்பரையும் வாலில் சேர்த்து, ஏதோ ஒரு இலவச ஜெனரேட்டரில் போட்டுக் கோடு எடுக்கிறார்கள். அன்றைக்கு ஸ்கேன் செய்தால் கச்சிதமாகத் திறக்கும். உடனே 500 ஸ்டிக்கர் பிரஸ்ஸுக்குப் போய்விடும்.

லாரி பாலிசியை வருஷா வருஷம் ரினியூவல் செய்ய வேண்டும். அப்போது நம்பர் மாறலாம், ஓனர் கம்பெனியையே மாற்றலாம், கம்பெனி தன் வெப்சைட்டை மாற்றி அமைக்கலாம். ஸ்டிக்கர் மட்டும் போன வருஷ நம்பரோடு கதவில் உட்கார்ந்திருக்கும். தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் பிடிக்காமல் முன்னால் போன டிரெய்லரில் மோதிய ஒரு டிரைவரை எண்ணிப் பாருங்கள். நடுராத்திரியில் ஸ்கேன் செய்கிறார். ‘பாலிசி நடப்பில் இல்லை’ என்று திரையில் வருகிறது. இன்சூரன்ஸே இல்லாத வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்று ஓனருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார். அதற்குள் ரோட்டை மறிக்கக் கூடாதென்று கிரேன் வந்து லாரியை இழுத்து ஓரம் கட்டிவிடுகிறது. ஸ்பாட் போட்டோ ஒன்றுகூட இல்லை. மறுநாள் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான். பாலிசி என்னவோ நடப்பில்தான் இருந்திருக்கும்.

கோடுக்குள் இருக்க வேண்டியது உங்கள் சொந்த டொமைனில் ஒரு குட்டி முகவரியும், அதன் வாலில் அந்த வண்டிக்கென ஓர் ஆறெழுத்துக் குறியும் மட்டுமே. எந்தக் குறி எந்த வண்டி, அதற்கு இன்றைய பாலிசி எது, எந்தப் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். ரினியூவல் அன்று பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினால் வேலை முடிந்தது, ஸ்டிக்கரைத் தொடவே வேண்டாம். குறிகளை 001, 002 என்று வரிசையாக வைக்காதீர்கள், எண்ணை மாற்றிப் போட்டு அடுத்த வண்டியின் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறந்துவிடுவார்கள். சர்வரில் 302 ரீடைரக்ட் (தற்காலிகமாகத் திருப்பிவிடுவது) போடுங்கள். 301 என்றால் நிரந்தரம் என்று அர்த்தம், போனில் உள்ள பிரவுசர் பழைய இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அங்கேயே போய் நிற்கும்.

‘டைனமிக் க்யூஆர் (போகும் இடத்தைப் பிறகு மாற்றக்கூடிய கோடு), இலவசம்’ என்கிற சேவைகளில் விதிமுறையைப் படியுங்கள். டிரையல் முடிந்த அன்று மொத்த ஸ்டிக்கரும் ஒரே நாளில் செத்துப்போகலாம்.

நீள லிங்கால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 200 எழுத்து லிங்க் என்றால் M அளவுப் பிழைதிருத்தத்தில் (கொஞ்சம் அழிந்தாலும் படிக்க வைக்கும் ஏற்பாடு) கோடு 57-க்கு 57 கட்டங்களாகிவிடும். சுற்றிலும் நான்கு கட்ட வெள்ளை விளிம்பையும் சேர்த்து 3 சென்டிமீட்டருக்குள் அடித்தால் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர்கூட வராது. 30 எழுத்து முகவரியோ, அதைவிட உயர்ந்த Q அளவிலேயே 29-க்கு 29-இல் முடிந்துவிடும். ஒரு கட்டம் 0.8 மில்லிமீட்டர். கீறல் விழுந்த பழைய போன் கேமரா கூடப் படித்துவிடும்.

முன் கண்ணாடியில் ஒட்டுவது

முதலில் நொறுங்குவது அதுதான். டிரைவர் பக்கக் கதவின் உள்புறம் ஒன்று, ஆர்.சி. நகல் இருக்கும் பையில் ஒன்று, பைக் என்றால் சீட்டுக்கு அடியில். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், இருட்டில் டார்ச் அடித்தால் வெளிச்சம் திரும்பி கேமராவில் அடிக்கும். மேட் போடச் சொல்லுங்கள். Q அளவு என்றால் சுமார் 25 சதவீதம் வரை அழிந்தாலும் படிக்கும், கிரீஸ் கறை தாங்கும். ஆனால் அந்த மூலைச் சதுரம் கிழிந்தால் இந்தக் கணக்கு உதவாது. அழகுக்காக வெள்ளை விளிம்பை வெட்டிவிட்டுச் சிவப்பு பார்டர் போடும் டிசைனரிடம் கொஞ்சம் கறாராக இருங்கள்.

ஓடிபி ஓனருக்குப் போவது

வண்டி தொப்பூரில், கிளைம் பதியக் கேட்கும் ஓடிபி போவதோ ஓனர் போனுக்கு, அவர் நாமக்கல்லில் நல்ல தூக்கத்தில். முதல் தகவலை டிரைவரின் நம்பரிலேயே பதிய விடுங்கள். ஓனர் காலையில் உறுதி செய்துகொள்ளட்டும்.

முதல் பக்கத்திலேயே பன்னிரண்டு போட்டோ கேட்பது

அஞ்செட்டி மலைப்பக்கம் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. பெரிய போட்டோ பாதியில் நின்றால் படிவமே காலி. முதல் பக்கத்தில் வண்டி நம்பர், இடம், பேசுகிறவரின் போன் ஆகிய மூன்றை மட்டும் வாங்கிச் சேமித்து, அந்தத் தகவலுக்கான பதிவு எண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிடுங்கள். போட்டோ அதற்குப் பிறகு: நம்பர் பிளேட் தெரிய நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, அடிபட்ட இடம் கிட்டத்தில், ரோடு முழுதும் தெரிய ஒன்று. பக்கமே அவற்றைச் சுருக்கி ஏற்ற வேண்டும்.

ஆதார் நம்பரைக் கோடுக்குள் வைப்பது

வேண்டவே வேண்டாம்.

தமிழில் மட்டும் அடிப்பது

என்.எச். 44-இல் ஸ்டீயரிங் பிடிப்பவர் இந்திக்காரராக இருக்கலாம், ஓசூரில் கன்னடமும் தெலுங்கும். மொழித் தேர்வு முதல் திரையிலேயே வரட்டும்.

போன் நம்பர் அச்சிடாமல் விடுவது

பட்டன் போன் இன்னும் இருக்கிறது.

ஸ்கேன் ஆனதும் கிளைம் ஆகிவிட்டது என நம்புவது

பக்கம் திறந்தது மட்டும்தான் நடந்திருக்கிறது. கிளைம் நம்பர் கைக்கு வரும்வரை எதுவும் பதிவாகவில்லை. ஆளுக்கு அடிபட்டிருந்தால் 108-க்கும் போலீஸுக்கும் பேசிவிட்டுத்தான் ஸ்கேன். தேர்ட் பார்ட்டி கேஸில் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் காரியம் நகராது.

ஒர்க்‌ஷாப் சுவரில் பொதுவாக ஒட்டிய கோடுகளை மாதம் ஒரு தடவை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மேலே வேறொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று. ஸ்கேன் செய்ததும் யுபிஐ பின் கேட்டால் அது கிளைம் பக்கமே இல்லை. பின் போடுவது நம் கணக்கிலிருந்து பணம் போவதற்கு, வருவதற்கு அல்ல. இந்த ஒரு வரியை ஸ்டிக்கரிலேயே, கோடுக்குக் கீழே, தடித்த எழுத்தில் அடித்துவிடலாம். இடம் இருக்கும்.