காவோ சாம் ரோய் யோட்: குகைக்குள் வெயில் இறங்கும் வேளையில் சென்று சேர்வது எப்படி?

தாய்லாந்தின் பிரச்சுவாப் கிரி கான் மாகாணத்தில், ஹுவா ஹின் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள காவோ சாம் ரோய் யோட், 1966ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட, அந்நாட்டின் முதல் கடலோரத் தேசியப் பூங்காவாகும். ‘முந்நூறு சிகர மலை’ என்பது அப்பெயரின் பொருள். இங்கு வருவோர் பலரும் விரும்பிச் செல்லும் இடம் பிரயா நக்கோன் குகை. முற்பகல் பத்தரை மணியையொட்டி அதனுள் வெயில் நேராக இறங்குவதால், அந்த ஒரு மணி நேரத்தை மையமாக வைத்தே அன்றைய பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

பூங்காவிற்குள் உள்ள இடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளியிருப்பதால், ஹுவா ஹின்னிலோ பிரான்புரியிலோ வாகனம் அமர்த்திக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் கூடுதல் என்பதால் பாத் நாணயத்தைக் கையில் வைத்திருங்கள். பாங் பூ கிராமத்திலிருந்து லேம் சாலா கடற்கரைக்குப் படகில் செல்லலாம்; கடல் கொந்தளிக்கும் நாள்களில் தியான் குன்றைக் கடந்து செல்லும் ஒற்றையடிப் பாதையே பாதுகாப்பானது. தொலைவு அரைக் கிலோமீட்டர்தான். கால் வலுவுள்ளவர்கள் எந்நாளிலும் இவ்வழியையே தேர்ந்தெடுக்கலாம், ஏனெனில் வளைகுடாவின் முழுக் காட்சியும் இங்கிருந்துதான் கிடைக்கும்.

கடற்கரையிலிருந்து குகைக்குச் செல்லும் பாதை 430 மீட்டர் நீளமே எனினும் செங்குத்தானது. பலர் நடந்து நடந்து வழவழப்பாகிப்போன சுண்ணாம்புப் பாறைகள் மழை ஈரத்தில் வழுக்கும் என்பதால், பிடிமானமுள்ள காலணியும் போதிய குடிநீரும் கட்டாயம் தேவை. வழியில் கண்களைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட டஸ்கி லங்கூர் மந்திகளைக் காணலாம். அவற்றுக்கு உணவு கொடுக்க வேண்டாம்.

காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகும் மழைநீர், சுண்ணாம்புக் கல்லை நெடுங்காலம் அரித்ததால் உருவான குகை இது. கூரையின் ஒரு பகுதி பின்னாளில் இடிந்து விழ, அத்திறப்பு வழியே வந்த மழையிலும் ஒளியிலும் குகைக்குள்ளேயே மரங்கள் வளர்ந்துவிட்டன. 1890ஆம் ஆண்டு தாய்லாந்து மன்னர் சுலாலங்கோர்ன் வருகைக்காக எழுப்பப்பட்ட நாற்கூரை மண்டபத்தின் மீது வெயில் படும் அந்தச் சில நிமிடங்களில் படம் எடுப்பதை விட்டு வெறுமனே நிற்பதையே நான் விரும்புவேன். பாறைச் சுவரில் மன்னரின் கையெழுத்துச் சுருக்கத்தையும் தேடிப் பாருங்கள். விழுதுபோல் தொங்கும் படிவுகளைத் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை படிந்தால் அவற்றின் வளர்ச்சி தடைபடும்.

இருளடர்ந்த சாய் குகைக்குக் கைவிளக்கு வேண்டும். காவோ டேங் காட்சிமுனைப் பாதையில் பாறை விளிம்புகள் கூர்மையாக இருப்பதால் உச்சி வெயிலில் அதில் ஏறாதீர்கள். இவை யாவற்றையும் ஒரே நாளில் அடக்க முயல்வதைவிட, ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை மலைகளுக்கு மேற்கேயுள்ள நன்னீர்ச் சதுப்பு நிலத்திற்குச் செல்வது மேல். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2008இல் இடம்பெற்ற அந்நிலத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் தங்கியிருக்கும். மரநடைபாதையில் ஓசையின்றி நடந்தால் நாணல்களுக்கிடையே நாரைகளை அருகிலேயே காணலாம்.