மாறுகண் பிள்ளை: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

“மாறுகண் அதிர்ஷ்டம், விடு” என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் மாமியார். அந்தப் பேச்சை நம்பி, மகளுக்கு மாறுகண் இருந்தும் எட்டு மாதம் சும்மா இருந்தேன். கோபம் என் மேல்தான்.

பிறந்து மூன்று, நான்கு மாதம் வரை கண் அவ்வப்போது விலகுவது சகஜம். அதற்கு மேலும் விலகினால் ‘வளர வளர சரியாயிடும்’ என்று இருக்கக் கூடாது. கண் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தால், குழந்தையின் மூளை விலகிய கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடும். ஒதுக்கி ஒதுக்கியே அந்தக் கண்ணில் பார்வை மங்கும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். நல்ல கண்ணை வைத்து ஓடி ஆடுகிற பிள்ளை எதுவும் சொல்லாது. ஏழு வயதுக்குள் ஆரம்பித்தால் சிகிச்சை நன்றாகப் பிடிக்கும். வயது தாண்டிவிட்டது என்று கைவிடவும் வேண்டாம். போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அரிதாக, அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம்.

அப்புறம் பேட்ச், அதாவது ஒரு கண்ணை மறைக்க ஒட்டும் பட்டை. சோம்பேறிக் கண் வேலை செய்ய, மூட வேண்டியது நல்ல கண்ணை. மாமியார் ஒருநாள் “கோணல் கண்ணைத்தானே மறைக்கணும்” என்று மாற்றி ஒட்டிவிட்டார்! நான் செய்த தவறு வேறு: கண்ணாடி மேல் ஒட்டினேன். மகள் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோலில் ஒட்ட வேண்டும், ஈரப் பஞ்சால் நனைத்துப் பிரித்தால் வலிக்காது என்று சொன்னது, மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு அம்மா. கூச்சப்படாமல் பேசியதில் கிடைத்த லாபம். எத்தனை மணி நேரம் என்பது டாக்டர் சொல்வதுதான். சோம்பேறிக் கண் நடுத்தர அளவில் இருந்தால் தினம் இரண்டு மணி நேரமே ஆறு மணி நேரத்துக்கு ஈடாக வேலை செய்கிறது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆசைப்பட்டுக் கூட்ட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அவளுக்குப் புள்ளிக்கோல நோட்டு கொடுத்துவிடுவேன்.

கண்ணாடியைக் கழற்றினால் கண் மறுபடி உள்ளே போகிறதே, கண்ணாடிதான் கெடுத்துவிட்டது என்பார்கள். இல்லை. தூரப்பார்வைக் குறையால், அதாவது கிட்டத்தில் பார்க்கக் கண் சிரமப்படும் குறையால், வரும் மாறுகண் அப்படித்தான். போட்டிருக்கும் வரை நேராக நிற்கும்.

ஆபரேஷனில் கண்ணை வெளியே எடுப்பதில்லை, கண்ணை அசைக்கும் தசைகளைத்தான் சரிசெய்கிறார்கள். ஆனால் சோம்பேறிக் கண் அதனால் போகாது. பேட்ச், கண்ணாடி தொடரலாம், இன்னொரு ஆபரேஷனும் தேவைப்படலாம். பெரியவர்களுக்கும் செய்யலாம். பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று கண் விலகி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் அது அவசரம், அன்றே ஓடுங்கள்.

“நேராப் பாரு” என்று பிள்ளையை அதட்டாதீர்கள், அது அவள் கையில் இல்லை. பள்ளியில் ‘ஒன்றரைக் கண்’ என்று ஒருவன் கூப்பிட்டதும் நான் டீச்சரிடம் போய்ப் பேட்ச் எதற்கு என்று விளக்கினேன். மறுநாள் வகுப்பே பேட்சில் ஒட்ட ஸ்டிக்கர் கொண்டுவந்தது. அவள் தேர்ந்தெடுத்தது ஒரு பல்லியை.