பயோமெடிக்கல் சயின்ஸ் முதல் ஆண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தச் சர்க்கரை பார்க்க எடுக்கும் ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழாய்க்குள் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. அறை வெப்பத்தில் அப்படியே விட்டுவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு. அது எனோலேஸ் என்ற நொதியை நிறுத்துகிறது. எனோலேஸ் எங்கே வருகிறது? முதல் செமஸ்டரில் எல்லோரும் மனப்பாடம் செய்கிற கிளைகாலிசிஸின், அதாவது அணு குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் வினைப்பாதையின், பத்துப் படிகளில் ஒன்பதாவது படியில்.

இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடைபடுவது ஒன்பதாவது படி என்பதால் முதல் படி உடனே நின்றுவிடுவதில்லை. ஃபுளோரைடு குழாயிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை குறையத்தான் செய்யும். ஆரம்பப் படிகளையே அமிலத்தன்மையால் நிறுத்துகிற சிட்ரேட் கலந்த குழாய்கள் வந்ததற்குக் காரணம் இதுதான்.

முதல் ஆண்டு மாணவர்களோடு லேப்பில் நிற்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். அவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. பாடம் ஒரு பக்கம், பிராக்டிகல் ஒரு பக்கம், நோயாளி எங்கோ ஒரு பக்கம் என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குழாய்க்குள் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன.

பெயர்களை மட்டும் படிப்பது

கிளைகாலிசிஸின் பத்து நொதிகளையும் வரிசையாக ஒப்பிக்கும் மாணவரிடம், "இதில் ஐந்தாவது நொதி இல்லாமல் போனால் என்ன ஆகும்?" என்று கேட்டால் அமைதியாகிவிடுவார். வரிசை தெரியும், ஓட்டம் தெரியாது. ஒவ்வொரு வினைப்பாதையிலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தப் படி திரும்ப முடியாதது, எது வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, நடுவில் அடைத்தால் எது தேங்கும், எது தீர்ந்துபோகும். கிளைகாலிசிஸில் திரும்ப முடியாத படிகள் மூன்றுதான்: ஹெக்ஸோகைனேஸ், பாஸ்போஃப்ரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ். இந்த மூன்றையும் புரிந்துகொண்டவருக்கு மற்ற ஏழும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

படிக்கும் முறையிலும் இதே தவறு இருக்கிறது. ஹைலைட்டரால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசி, அதையே நான்கு முறை வாசிப்பது. வாசிக்க வாசிக்க எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். அது நினைவில் நிற்கிறது என்று அர்த்தமில்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களைப் பிரித்து, ஒரு சாராரைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில் நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். செமஸ்டர் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. லெக்சர் முடிந்த அன்று மாலை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நோட்டைப் பார்க்காமல் வரைந்து பாருங்கள். கை எங்கே நிற்கிறதோ அங்கேதான் படிக்க வேண்டும்.

கலைச்சொற்களைக் கண்டு மிரள்வதும் வேண்டாம். கிரேக்க, லத்தீன் வேர்கள் ஒரு ஐம்பது அறுபது தெரிந்தால் பெரும்பாலான சொற்கள் உடைந்துவிடும். ஹைப்பர் என்றால் கூடுதல், கலியம் என்பது பொட்டாசியத்தின் லத்தீன் பெயர், ஈமியா என்றால் ரத்தத்தில். ஹைப்பர்கலீமியா என்ன என்பதை இனி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உடற்கூறியலில் மட்டும் ஒன்றை முதல் நாளே பழக்கிக்கொள்ளுங்கள். படத்தில் வலது, இடது என்பது எப்போதும் அந்த உடலுடைய வலது, இடது. பார்க்கிறவருடையது அல்ல.

இந்தப் படிப்பைக் காத்திருப்பு அறையாக நினைப்பது

மருத்துவம் கிடைக்காமல் இங்கே வந்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருப்பார்கள். அந்த வருத்தம் உண்மையானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். மறுபடி முயற்சி செய்வதும் தவறில்லை. ஆனால், "எப்படியும் அடுத்த வருஷம் போய்விடுவேன்" என்று முதல் ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு கடத்துவது இரண்டு பக்கமும் நஷ்டம். போக முடிந்தாலும் இங்கே படித்த உடலியங்கியலும் உயிர்வேதியியலும்தான் அங்கேயும் முதலில் வரும். போக முடியாவிட்டால், அடித்தளம் இல்லாமல் இரண்டாம் ஆண்டில் நிற்பீர்கள்.

இந்த வேலையின் எடை என்ன என்று தெரியாததும் அப்படி நினைக்க ஒரு காரணம். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் பொட்டாசியம் ஈடிடிஏ இருக்கும். யாரோ அவசரத்தில் அதிலிருந்து கொஞ்சம் ரத்தத்தை வேறு குழாய்க்கு மாற்றி ஊற்றிவிட்டால், அறிக்கையில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும். ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கால்சியம் ஏகத்துக்கும் குறைந்திருக்கும். நோயாளிக்கோ ஒன்றும் இல்லை. பொட்டாசியம் கூடி, கால்சியம் குறைந்து, இரண்டும் சேர்ந்து வந்தால், "இது நோய் இல்லை, குழாய்" என்று நிறுத்திச் சொல்கிறவர் லேப்பில் உட்கார்ந்திருக்கும் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட். அவர் சொல்லாவிட்டால் இல்லாத நோய்க்குச் சிகிச்சை தொடங்கிவிடக்கூடும்.

லேப்பில் கை செய்யும் தவறுகள்

மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கும் மைக்ரோபைப்பெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள் உண்டு. திரவத்தை எடுக்கும்போது முதல் நிறுத்தம் வரைதான் அழுத்த வேண்டும். இரண்டாவது நிறுத்தம், கடைசிச் சொட்டையும் வெளியே தள்ளுவதற்கு. எடுக்கும்போதே இரண்டாவது வரை அழுத்துகிறவர்களை எல்லா வகுப்பிலும் பார்க்கிறேன். அளவு கூடுதலாக ஏறும், அது கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், டிப்பில் திரவம் இருக்கும்போது பைப்பெட்டைப் படுக்க வைப்பது, பொத்தானைப் படாரென்று விடுவது. இரண்டிலும் திரவம் உள்ளே போய்க் கருவியைக் கெடுக்கும். 15 மைக்ரோலிட்டர் எடுக்க 200 மைக்ரோலிட்டர் பைப்பெட்டைத் தூக்காதீர்கள். தேவையான அளவை எடுக்கக்கூடியவற்றில் சிறியதே சரியானது.

உங்கள் கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. தராசில் ஒரு சின்னக் குழாயை வைத்து, 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை விடுங்கள். ஒவ்வொரு முறையும் 0.1 கிராம் கூட வேண்டும். பத்து எண்களும் எவ்வளவு அலைகின்றன என்று பார்த்தாலே உங்கள் கையைப் பற்றித் தெரிந்துவிடும். லேப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரு மதியம் இதைச் செய்யுங்கள். நான் பார்த்தவரை, இதைச் செய்தவர்கள் அதன் பிறகு அவசரப்படுவதில்லை.

அடுத்து நீர்த்தல் கணக்கு. பத்தில் ஒன்று என்றால் 1 பங்கு மாதிரி, 9 பங்கு நீர்மம். 10 பங்கு சேர்த்துவிடுகிறவர்கள் அதிகம். ஒரு முறை செய்தால் சின்னப் பிழைதான். ஆனால் பாக்டீரியாவை எண்ணும்போது இதையே ஆறு முறை தொடராகச் செய்கிறோம். பத்து லட்சம் மடங்கு நீர்த்ததாக நீங்கள் நினைத்திருக்க, உண்மையில் ஏறத்தாழ 17.7 லட்சம் மடங்கு நீர்த்திருப்பீர்கள். 100 பாக்டீரியா இருக்க வேண்டிய இடத்தில் 56 என்று அறிக்கை போகும். 1:10 என்று எழுதிக் குழம்புவதற்குப் பதில், 1 + 9 என்றே நோட்டில் எழுதிப் பழகுங்கள்.

அலகுகளும் அப்படித்தான். மில்லி, மைக்ரோ, நானோ ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு. கால்குலேட்டர் எதைக் காட்டினாலும் எழுதிவிடுவது பெரிய தவறு. விடையைப் பார்த்து, "இது நடக்கக்கூடியதா?" என்று ஒரு முறை கேளுங்கள். 0.9 சதவீத உப்புநீர் என்றால் லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு. அதன் மோலார் நிறை 58.44. வகுத்தால் 0.154 மோலார், அதாவது 154 மில்லிமோலார். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்பது தெரிந்திருந்தால், விடை பக்கத்தில் இருக்கிறது என்று நிம்மதி வரும். அலகு மாறி 154 மோலார் என்று எழுதினீர்களானால், ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிலோ உப்பைக் கரைத்ததாக ஆகும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரிஃப்யூஜில் எதிரெதிர்க் குழாய்கள் எடையில் சமமாக இல்லாமல் ஓட விடாதீர்கள். மைக்ரோஸ்கோப்பில் 40 மடங்கு, 100 மடங்கு லென்ஸ் இருக்கும்போது பெரிய திருகைத் தொடாதீர்கள், ஸ்லைடு உடையும். லென்ஸுக்கு எண்ணெய் விடுவது 100 மடங்குக்கு மட்டும். கையுறை போட்ட கையால் போனையோ கதவுப் பிடியையோ தொடாதீர்கள். பாக்டீரியாவுக்குச் சாயமேற்றி இரண்டு வகையாகப் பிரிக்கும் கிராம் ஸ்டெயினிங்கில் ஆல்கஹாலை அதிக நேரம் விட்டால் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவும் நெகட்டிவ் போலச் சிவப்பாகத் தெரியும்.

எண்களைத் திருத்துவது

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கிறது. முதல் ஆண்டில் புரத அளவீட்டுக்கு பிராட்ஃபோர்டு என்ற சாய முறையில், செறிவு தெரிந்த மாதிரிகளை வைத்து ஒரு தர வரைகோடு போட்டோம். என் கடைசி இரண்டு புள்ளிகள் கோட்டில் விழாமல் கீழே வளைந்திருந்தன. பக்கத்து மேசையில் எல்லோருக்கும் நேராக வந்ததாக நினைத்து, அந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் உயர்த்தி எழுதினேன். ஆசிரியர் ரெக்கார்டைப் பார்த்துவிட்டு, "செறிவு கூடினால் இந்த முறையில் கோடு வளையத்தான் வேண்டும். உனக்கு மட்டும் எப்படி நேராக வந்தது?" என்று கேட்டார். என் முதல் எண்கள்தான் சரி. அவை எனக்குச் சொல்ல வந்த விஷயத்தையே நான் அழித்திருந்தேன்.

அன்றிலிருந்து பேனாவில்தான் எழுதுகிறேன். தவறானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் காரணம் எழுதுகிறேன். டிஷ்யூ பேப்பரில் குறித்துக்கொண்டு அறைக்குப் போய் அழகாக நகல் எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். எதிர்பார்த்தபடி வராத எண்ணை மறைக்காமல், ஏன் வந்திருக்கும் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியில்தான் மாணவர் யோசித்தாரா என்று தெரியும்.

புள்ளியியலை ஒதுக்குவதும் இதோடு சேர்ந்ததுதான். திட்ட விலக்கம் தனித்தனி அளவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைச் சொல்கிறது. திட்டப் பிழை, நாம் கண்ட சராசரி எவ்வளவு நம்பகமானது என்பதைச் சொல்கிறது. சின்னதாக இருக்கிறது, வரைபடம் அழகாகத் தெரிகிறது என்பதற்காக இரண்டாவதை எடுத்துப் போடாதீர்கள்.

எழுத்து வேலையில்

ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் வாசித்து மேற்கோள் காட்டுவது பரவலாக இருக்கிறது. முதல் ஆண்டில் முழுக் கட்டுரையும் புரியாது, சரி. படங்களையும் அட்டவணைகளையும் மட்டுமாவது பாருங்கள். ஆசிரியர் சொல்லும் முடிவும் படம் காட்டுவதும் ஒன்றுதானா என்று கேட்பதே நல்ல பயிற்சி. வாக்கியத்தில் நாலு சொல்லை மாற்றிப் போடுவதும் திருட்டுதான். ஏஐ கருவிகள் தரும் மேற்கோள் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். இல்லாத கட்டுரைகளுக்கு நம்பும்படியான தலைப்பும் ஆண்டும் அவை தந்துவிடும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தள்ளிப்போடுவது

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பலரும் மறக்கிறார்கள். வழக்கமான அட்டவணையில் முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. ரத்த மாதிரிகளைக் கையாளும் பயிற்சி தொடங்கும் வாரத்தில் ஓடினால் அரை வருடம் தேவைப்படும். ஏற்கெனவே போட்டிருக்கிறீர்களா என்று சேர்ந்த முதல் மாதத்திலேயே பாருங்கள்.

முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் அதை ஒளித்து வைத்துக்கொள்வது இன்னொரு தள்ளிப்போடல். பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர்களுக்கு இது கூடுதலாக வலிக்கும். வகுப்பில் எல்லோருக்கும் புரிகிறது, நமக்கு மட்டும்தான் புரியவில்லை என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார். இரவெல்லாம் விழித்துப் படித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அன்று படித்தது நினைவில் படிவதற்கே தூக்கம் வேண்டும். விடைத்தாளை எடுத்துக்கொண்டு அந்த வாரமே ஆசிரியரிடம் போங்கள். "எனக்கு ஒன்றுமே புரியவில்லை" என்று ஆரம்பிக்க வேண்டாம். "இந்தக் கேள்வியில் நான் இப்படி யோசித்தேன், எந்த இடத்தில் தப்பினேன்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டு வருகிற மாணவருக்காகக் கூடுதலாக அரை மணி நேரம் உட்காராத ஆசிரியரை நான் பார்த்ததில்லை.